செர்ஜானின் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு எர்மெக்கின் வணக்கம். நான் நலம். உங்கள் கண் தேவலையா?

உங்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் செயலியை எழுதி இணையத்தில் போட்டேன் அல்லவா? யாரும் இலவசமாக எடுக்கலாம். எழுதியவன் பெயரை மட்டும் நீக்கக்கூடாது. எங்கள் முதலாளி செர்ஜான் முதலில் நீக்கியதே அதைத்தான். நேற்று இங்கே அல்மாட்டியில் மேடையேறி, தன் கண்டுபிடிப்பு என்று திறந்து காட்டினார். மிச்சத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கம் அந்த மேதைக்கு ஏது? திரை முழுக்க, நான் உள்ளே எழுதி வைத்திருந்த ‘என் அம்மா புருலுக்காக’ வந்து நின்றது.

“யாருங்க புருல்?” என்று ஒருவர் கேட்டார்.

எதிரிலேயே நான் உட்கார்ந்திருக்க, மனுஷன் கூசாமல் சொன்னார்: “எங்க அம்மாங்க. போன வருஷம் தவறிட்டாங்க.”

கூட்டமே எழுந்து நின்றது.

இந்தக் கடிதத்தோடு நம்ம ஊர் நாரினுக்கு வரும் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அவரிடமே நீங்கள் காயவைத்த தயிர் உருண்டை கொடுத்தனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் நாலு வரி, புருல் என்று கையெழுத்தும் இந்த வருஷத் தேதியும் போட்டு.

எர்மெக்