கூம்பு வாசலில் சிக்கிய கூடு

மிச்சம்
லண்டன், 06.08.2025

அன்பான கத்தரினுக்கு,

நான் சுகம். சுகமில்லை எண்டு எழுதினால் மட்டும் ஓடி வரவே போறீர்? மகள் வீட்டுக்குப் போனதிலை இருந்து நீர் போன் எடுக்கிறேல்லை. கடிதம் வந்தால் பிரிக்காமல் இருக்க உம்மாலை ஏலாது எண்டு தெரிஞ்சுதான் எழுதிறன்.

எங்கட கோயில் கூரை வேலை இன்னும் முடியேல்லை. அதாலை எங்கட மன்னார் மடுமாதா திருநாளுக்கு ஆங்கிலிக்கன்காரர் தங்கட கோயிலைத் தருகினம். விக்டோரியா ராணி காலத்திலை, இந்த மிச்சம் ஊர் ஒரு கிராமமாக இருக்கேக்கை கட்டினது. உள்ளுக்குப் போய் அண்ணாந்து பார்த்தன். மரக்கூரை, எங்கட ஊர் பேசாலைக் கரையிலை வள்ளத்தைக் கவிட்டு வைச்ச மாதிரி. கற்றூண் ஒவ்வொண்டின்ரை தலையிலையும் இலை செதுக்கியிருக்கு, ஒண்டைப் போல ஒண்டில்லை. கலர்க் கண்ணாடிக்குள்ளாலை வெயில் வந்து என்ரை வெள்ளைச் சேர்ட்டை நீலமாக்கிப் போட்டுது. நீர் பக்கத்திலை இல்லையே எண்டு கவலையாய்ப் போச்சு.

மாதா சுருவத்தை வைச்சுத் தோளிலை தூக்கிற மரக்கூடும் முடியப்போகுது. மேலை நாலு மூலையிலும் நாலு கோபுரம். அந்தக் கோயில் வாசல் உயரத்தை நானே அளந்துதான் செய்தனான். 17ஆம் திகதி ஞாயிறு பவனி. கட்டாயம் வாரும்.

உம்மடை
றெஜினோல்ட்


இல்ஃபோர்ட்
லண்டன், 13.08.2025

என்னப்பா,

கூடு, கூடு, கூடு! என்ரை ஹோலுக்குள்ளை மரத்தை அடுக்கி, என்ரை சோபாவைத் தோட்டத்து மழையிலை போட்டியளே, "போடட்டோ கத்தரின்?" எண்டு ஒரு வார்த்தை கேட்டியளோ? சோபாவுக்காகக் கோபிச்சு வந்த அம்மா எண்டு மகள் அஜித்தா சிரிக்கிறாள். சோபா இல்லையப்பா. கலியாணம் கட்டின நாளிலை இருந்து எல்லாத்தையும் செய்து முடிச்சிட்டுத்தான் எனக்குச் சொல்லுறியள். அதுதான் நோகுது.

கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருப்பன். அஜித்தா குழந்தையாக இருக்கேக்கை அந்தக் கோயிலிலை சின்னப்பிள்ளையள் விளையாடிற பிளேகுறூப்புக்கு எத்தினை தரம் கொண்டுபோனனான். அந்த வாசல் மன்னார்க் கோயில் வாசல் மாதிரிச் சதுரமில்லை. மேலை போகப்போக ஒடுங்கி, கும்பிட்ட கை மாதிரிக் கூம்பும். நீங்கள் நடு உச்சியைத்தான் அளந்திருப்பியள். உங்கட மூலைக் கோபுரங்கள் எதுக்குள்ளாலை போகும்?

பவனிக்கும் நான் வரேல்லை, வீட்டுக்கும் வரேல்லை. பிந்திப் போற செக்கன்ட் கிளாஸ் முத்திரைதான் ஒட்டுறன். உங்களுக்கு இது காணும்.

கத்தரின்


மிச்சம்
18.08.2025

என்ரை கத்தரின்,

உம்மடை கடிதம் இண்டைக்குத்தான் வந்தது! ஐயோ, செக்கன்ட் கிளாஸ்!

நேற்றுப் பாட்டோடை கூட்டைத் தோளிலை தூக்கி வாசலுக்கு வந்தம். டக்கெண்டு முன் கோபுரம் ரண்டும் கல்லு வளைவிலை முட்டிப் போச்சு. ஒருத்தன் தூக்கெண்டுறான், ஒருத்தன் கீழை பதியெண்டுறான். அந்தக் கோயில் பாதர் ஒரு பொம்பிளை. "கல்லு கவனம், கல்லு கவனம்" எண்டு தலையிலை கை வைச்சிட்டா.

அப்பத்தான் தூணுக்குப் பின்னாலை இருந்து ஒரு சத்தம்: "என்னப்பா, நான் எழுதினதை வாசிக்கேல்லையோ!"

கோயில் முழுக்கத் திரும்பிச்சுது. எனக்கு அந்தக் குரல் தெரியாதோ? தோளிலை கூடு, ஓடி வரவும் ஏலாது. திரும்பிப் பார்த்தால் பக்கக் கதவுக்குள்ளாலை நீலச் சேலை போகுது. நீர் வந்தீர் எண்ட சந்தோசத்திலை எனக்கு வெக்கமே வரேல்லை. கூட்டை இறக்கி, கூடு தூக்க வந்த டெனுசன்ரை வேனுக்குள்ளை இருந்த மரம் அறுக்கிற வாளை வாங்கி, நாலு கோபுரத்தையும் நானே அறுத்தன். மாதா ஒரு கீறலும் இல்லாமல் வெளியிலை போனா. சனம் கைதட்டிச்சுது, அந்தப் பாதரும்தான். கூடு இனி அவையின்ரை மணிக்கோபுரத்துக்குக் கீழை நிக்கட்டாம்.

ஹோல் வெறுமையாக் கிடக்கு. சோபா காய்ஞ்சிட்டுது. எந்தப் பக்கம் போடட்டும் கத்தரின்? கேக்கிறன்.

றெஜினோல்ட்


இல்ஃபோர்ட்
19.08.2025

என்னப்பா,

ஜன்னல் பக்கம். இல்லை, பொறுங்கோ, கை வையாதேங்கோ! சனிக்கிழமை வாறன், வந்து பார்த்துச் சொல்லுறன்.

நான் உடனை போகேல்லை. நீங்கள் வாளோடை நிக்கிறதை வெளியிலை மதிலடியிலை நிண்டு பார்த்தனான். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தக் கோபுரங்களை எறிஞ்சிடாதேங்கோ, வடிவாய்த்தான் செய்திருக்கிறியள்.

இதுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் முத்திரை ஒட்டியிருக்கிறன்.

உங்கட
கத்தரின்