கப்பலைத் தவறவிட்டவள்

ரோசோ, டொமினிக்கா
6 ஜனவரி 1998, செவ்வாய்

அன்புத் தங்கை யூலாலிக்கு,

அக்கா பிலோமேன் எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. உனக்கென்று எடுத்துவைத்த பன்றித்தொடை கெட்டுப்போய் நாய்க்குப் போட்டேன். நாயாவது நன்றியோடு வாலாட்டியது.

வழக்கம்போல இதைச் சுற்றுலாக் கப்பல் பயணி ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சிவப்புத் தொப்பிக் கிழவர். நாளைக் காலை காஸ்ட்ரீஸ் துறைமுக வாசலில் உன் வண்டியைத் தேடி வருவார். அவரோடு ஒரு கனடாத் தம்பதியும் வருவார்கள், கிரெய்க், டார்லீன் என்று பேர். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவில் மந்தையோடு போகப் பிடிக்காமல் இன்று என் வாடகை வண்டியைத் தனியாகப் பிடித்தார்கள்.

அவனுக்கு வாயெல்லாம் தேன். ஆனால் அவள் தண்ணீர் குடிப்பதற்குக்கூட அவன் முகத்தைப் பார்க்கிறாள். கடவுச்சீட்டு, பணம் எல்லாம் அவன் பூட்டிவைத்திருக்கிறான். வெந்நீர் ஊற்றில் பெண்கள் உடைமாற்றும் குடிசைக்கு அவளுக்குத் துணையாகப் போனேன். தோளெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பழைய அடி. துண்டால் அவசரமாக மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "கப்பலை விட்டுட்டா என்னங்க ஆகும்?"

"பயப்படாதீங்க. எங்க வண்டியில ஏறினவங்க யாரும் கப்பலை விட்டதே இல்ல" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. ஏன் என்று சாயங்காலம் வரை எனக்கு விளங்கவில்லை. கப்பலை விடத்தான் அவள் வழி கேட்டிருக்கிறாள்.

அவர்களைச் சுற்றிக்காட்டு, பத்திரமாகக் கப்பலில் சேர். வேறெதிலும் தலையிடாதே.

அன்புடன்,
பிலோமேன்

காஸ்ட்ரீஸ், செயின்ட் லூசியா
8 ஜனவரி 1998, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

பன்றித்தொடை பற்றி இன்னும் எத்தனை கடிதத்தில் அழுவாய்?

அவர்கள் வந்தார்கள். சல்ஃபர் குழிகளுக்கும் மீனவர் கிராமத்துக்கும் கூட்டிப்போனேன். அவன் எனக்குக் கொக்கோ தேநீர் வாங்கித் தந்தான், அப்பா வண்டியில் எழுதிவைத்த வாசகத்தைப் படித்துப் பாராட்டினான். இவ்வளவும் ஒரு கையால். இன்னொரு கை அவள் மணிக்கட்டை விடவே இல்லை.

அவன் ஒரு முறை கழிப்பறைக்குப் போனான். அவள் அதே கேள்வியை என்னிடமும் கேட்டாள். நான் உன்னைப்போலப் பெருமை பேசாமல் நடப்பதைச் சொன்னேன். தனியாகச் சுற்றப் போனவர் நேரத்துக்கு வராவிட்டால் கப்பல் காத்திருக்காது. மாலுமிகள் அவர் அறைப் பெட்டகத்தைத் திறந்து, கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"அவரு கைக்குப் போகாம, நேரா எனக்கே கிடைக்குமா?" என்றாள்.

"உங்களுக்கே கிடைக்கும்."

அவர்கள் இதே கப்பலில் இன்னொரு சுற்றும் வருகிறார்களாம். வருகிற புதனன்று அவன் கப்பல்காரர்களின் படகில் ஆழ்கடல் மீன் பிடிக்கப் போவான். இவளுக்குச் சிறு படகு ஒத்துக்கொள்ளாது. துறைமுகக் கடைத்தெருவில் உட்காரவைத்துவிட்டுப் போவானாம்.

அக்கா, எனக்கும் பயம்தான். ஆனாலும் நான் வண்டியோடு போய் நிற்கப்போகிறேன்.

யூலாலி

ரோசோ
10 ஜனவரி 1998, சனி

யூலாலி,

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? மீன்பிடிப் படகு சீக்கிரமே திரும்பிவிட்டால்? கப்பல் கிளம்புமுன் அவன் இறங்கித் தேடி வந்தால்? உன்னை ஆள் கடத்தினவள் என்று சொன்னால் போலீஸ் யாரை நம்பும், அவனையா, உன்னையா? துறைமுக வாசலில் வண்டி நிறுத்தும் உரிமம் போய்விடும். அப்பா தன் கையாலேயே நம் இரண்டு வண்டியின் முதுகிலும் எழுதினார்: "இந்த வண்டியில் ஏறியவர் கப்பலைத் தவறவிட்டதில்லை." அந்தப் பேரை வைத்துத்தானே நாம் சாப்பிடுகிறோம்?

அவன் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தம் போடுகிற ஆளைச் சமாளிக்கலாம். இவன் சத்தமே போடாதவன்.

இதை நீ செய்தால் எனக்கு இனிமேல் எழுதாதே.

பிலோமேன்

காஸ்ட்ரீஸ்
15 ஜனவரி 1998, வியாழன்

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன். இதைக் கொண்டுவந்து உன் வாசலில் நிற்கிறவள் டார்லீன். திட்டுவதாக இருந்தால் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு என்னைத் திட்டு.

நேற்று நான் செத்துப் பிழைத்தேன். பழக்கடைகளுக்குப் பின்னால் வண்டியை மறைத்து நிறுத்தி, அவளை வண்டிக்குள் தரையில் படுக்கவைத்து வாழைக்காய்ச் சாக்குப் போட்டு மூடினேன். கப்பல் சங்கு ஊதிற்று. ஏணியை எடுக்கவில்லை! மீன்பிடிப் படகு வரத் தாமதம். அது கப்பல்காரர்களின் சுற்றுலா என்பதால் காத்திருந்தார்கள். அதற்குள் முகவர் கையில் இவள் கடவுச்சீட்டு வந்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். கடைசியில் படகு வந்தது. அவன் ஓடிவந்து ஏறினான், அவன் பின்னாலேயே ஏணியை எடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மேல்தளத்துக் கம்பியருகே வந்து நின்றான். அறையில் அவள் இல்லை என்று தெரிந்திருக்கும். அவன் கத்தவில்லை, அக்கா. கரையில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். கப்பல் கண்ணுக்கு மறைந்தபிறகுதான் அவளை முகவரிடம் கூட்டிப்போய்க் கடவுச்சீட்டை வாங்கினோம்.

இன்று பார்படோஸில் இறங்கி விமானம் பிடித்து இங்கே வருவான், முதலில் விமான நிலையத்தில்தான் தேடுவான். அதனால் படகில் உன்னிடம் அனுப்புகிறேன். உனக்கு வடக்கே உள்ள குவாதலூப் தீவிலிருந்து விமானத்தில் ஊருக்குப் போக இவள் அண்ணன் பயணச்சீட்டு எடுத்துவிட்டார். சனிக்கிழமை மதியம் வடக்கே போகும் படகில் ஏற்றிவிட்டால் போதும்.

என்மேல் கோபம் இருக்கட்டும். அவளுக்குச் சூடாக ஏதாவது கொடு. நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

யூலாலி

ரோசோ
18 ஜனவரி 1998, ஞாயிறு

என் அன்புத் தங்கைக்கு,

கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. அவள் பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டாள். நேற்றிரவு குவாதலூப்பிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது.

நேற்றுக் காலை வண்டி நிறுத்தத்தில் நின்றிருந்தேன். டார்லீன் என் வீட்டில் ஈரப்பலாவும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதியம் பக்கத்து வீட்டுத் தெரேஸ் அவளைப் படகில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. அப்போது யாரோ என் வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், கிரெய்க். நம் இரண்டு வண்டியிலும் ஒரே வாசகத்தைப் படித்தவனல்லவா, என்னைத் தேடி வந்துவிட்டான்.

"என்ன டிரைவரம்மா, ஞாபகம் இருக்கா? என் பொண்டாட்டி காணாமப் போயிட்டா. பாவம், அவளுக்கு மனசு சரியில்ல. வடக்கே போற படகு எப்போ?"

"சாயங்காலம்தான் ஐயா" என்று புளுகினேன். "அதுக்குள்ள அன்னைக்கு அவங்க ரசிச்ச இடமெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டு வந்துருவோமா? அங்கதான் எங்கயாச்சும் இருப்பாங்க."

யூலாலி, என் வாழ்நாளில் இப்படி ஒரு சுற்றுலா நான் நடத்தியதில்லை. நீர்வீழ்ச்சிக்குப் போனோம். வெந்நீர் ஊற்றில் பெண்கள் குடிசைக் கதவை அவனே தள்ளித் திறந்து பார்த்தான். பச்சைக் குளத்துக்குப் போனோம். பிறகு, கிழக்குக் கடற்கரையிலும் விடுதிகள் உண்டு என்று மலைக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போனேன். மழை பிடித்துக்கொண்டது. முதலில் பேசிக்கொண்டே வந்தவன் பிறகு பேச்சை நிறுத்திவிட்டான். கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் அவன் கண் என்மேல்தான் இருந்தது.

திரும்பும்போது ஊருக்கு மேலுள்ள வளைவில் படகின் சங்கு கேட்டது. கீழே துறையை விட்டு அது நகர்வதும் தெரிந்தது.

"அது எந்தப் படகு?"

இனிப் பொய் சொல்லிப் பயனில்லை. "வடக்கே போறது" என்றேன்.

பின்னாலிருந்து கை நீட்டி என் பிடரியில் வைத்தான். அழுத்தவில்லை. சும்மா வைத்தான். "உனக்கு எல்லாம் தெரியும், இல்ல?" என்றான். அந்த ஒரு தொடுகையில் அவள் எத்தனை வருஷம் எப்படி வாழ்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

நான் ஹாரனில் கை வைத்தேன். எடுக்கவே இல்லை. மலையிலிருந்து சந்தை வரை ஒரே ஊளை. மீன்காரிகள் கத்தியோடு எழுந்து நின்றார்கள். "என்னடி பிலோமேன், வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "பேய் உள்ள உக்காந்திருக்கு, வந்து இறக்குங்கடி!" என்றேன். அவனே இறங்கிவிட்டான். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, அதே சிரிப்போடு, என் வண்டி எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனான்.

அவன் ஊரைவிட்டுப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். என் பயம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை கப்பல் வரும், இறங்குகிற ஒவ்வொரு தலையிலும் அவன் தலையைத் தேடுவேன். நீயும் ஜாக்கிரதையாக இரு.

எழுதாதே என்றதை மறந்துவிடு. இன்று அப்பா எழுதியதை அழிக்க வண்ணமும் தூரிகையும் எடுத்தேன். உன் வண்டியில் ஏறியவள் கப்பலை விட்டாள், என் வண்டியில் ஏறியவன் படகை விட்டான். இனி அந்த வாசகம் பொய்தானே? அப்பாவின் எழுத்தைத் தனியாக அழிக்க மனம் வரவில்லை. ஈஸ்டருக்காவது வா, இரண்டு வண்டியிலும் சேர்ந்தே அழிப்போம்.

அந்தக் குடிசையில் அவள் கேட்ட கேள்வியை யாராவது மறுபடி என்னிடம் கேட்டால், "பயப்படாதீங்க" என்று நான் முந்திக்கொள்ளமாட்டேன். முதலில் கதவைச் சாத்திவிட்டு, ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்பேன்.

உன் அக்கா,
பிலோமேன்