எல்ஸே பறந்த செவ்வாய்க்கிழமை

விபோர்க்
22 மே

அன்பு மகள் கிருபாவுக்கு,

கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மெல்பேர்னில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் காது மூடிச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறோம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது. போனில் இதைச் சொல்லத் தொடங்கினால் அம்மா இடையில் புகுந்து தானே சொல்லி முடித்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை என் வேலை போயிருக்க வேண்டும், போகவில்லை, அதை நினைத்தால் இப்போதும் ஒரு பெருமூச்சு வருகிறது.

வயது போனவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வான் வண்டிதான் இப்போதும் ஓட்டுகிறேன். அன்று எல்ஸே என்ற தொண்ணூற்றொரு வயது மனுஷியைக் கண் டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும். ஏறியதும் அவர், டொக்டர் வேற நாளுக்கு மாத்திப்போட்டார், என்னை நகரத்துக்கு வெளியில இருக்கிற சின்ன விமானத் திடலில விடுங்கோ, மகன் அங்க நிக்கிறான் என்றார். தெளிவான மனுஷி, உதட்டுச் சாயம் எல்லாம் பூசியிருந்தார். எங்கள் வேலைக் கந்தோருக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வாசலில் இறக்கி, பிடித்து நடக்கும் ரொலாட்டர் வண்டியையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அரை மணித்தியாலத்தில் கந்தோரிலிருந்து போன் வந்தது, எல்ஸே டொக்டரிடம் வரவில்லையாம், மகன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சத்தம் போடுகிறாராம். அவரை எங்கே இறக்கினேன் என்று சொல்லிவிட்டு, வானைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தால் புல்லில் ரொலாட்டர் மட்டும் தனியே நிற்கிறது. அங்கே நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டு மேலே கையைக் காட்டினார். மஞ்சள் நிறத்தில் பழைய சின்ன விமானம் ஒன்று காற்றில் ஆடி ஆடிப் போகிறது. சின்ன விமானத்தின் சத்தம் கேட்டால் என் கண் இன்றைக்கும் பதுங்குகுழியைத்தான் தேடும், உனக்குத் தெரியும். அன்று ஓடவில்லை, அண்ணாந்து நின்று, கர்த்தரே இதைப் பத்திரமாக இறக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இரண்டு தரம் துள்ளி இறங்கியது. முன்னால் விமானி, பின்னால் எல்ஸே, முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்பும். பதினெட்டு வயதில், 1952இல், தையல் வகுப்புக்கு என்று தாயிடம் சொல்லிவிட்டு இதே திடலில்தான் விமானம் ஓட்டப் பழகினாராம். ஒருநாள் பழக்கினவர் இறங்கிக் கதவைச் சாத்தி, இனி தனியப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவா என்றாராம். அவருடைய பாரம் இல்லாததால் விமானம் சட்டென்று மேலே எழும்ப, பயத்தில் பள்ளிக்கூடப் பாட்டை உரத்துப் பாடிக்கொண்டே இறக்கினாராம். அந்தக் குளிர்காலமே கலியாணம், பிறகு பண்ணை, மாடு, பிள்ளைகள்.

இதற்குள் மகன் வந்து என்மேல் பாய்ந்தார், உன்ர வேலைக்கு இண்டையோட முடிவு என்றார். எல்ஸே ரொலாட்டரைத் தள்ளிக்கொண்டு எங்கள் நடுவில் வந்து நின்று, பொய் சொன்னது நான், இவரில ஒரு பிழையும் இல்லை, உன்னட்டைக் கேட்டிருந்தால் விட்டிருப்பியோ என்றார். கைப்பையிலிருந்து மட்டை கிழிந்த சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். பறந்த ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது, கடைசி வரியில் தனியாகப் பறந்தார் என்று எழுதிப் பழக்கினவரின் கையெழுத்து. அந்த அறுபத்தைந்து வயது மனுஷன் அதை வாசித்துவிட்டு, அம்மா ஏன் ஒருநாளும் சொல்லேல்லை என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார். முதல்ல என்ர அம்மாவுக்குப் பயம், பிறகு உன்ர அப்பாவுக்குப் பயம், இப்ப உனக்குப் பயம் என்றார் எல்ஸே. மகன் தாயை மெல்லப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். கந்தோரிலும் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா, ஆர் என்ன சொன்னாலும் நம்பிப்போடுவியளே என்று என்னை ஏசிவிட்டு, அடுத்த மூச்சில், மேல இருந்து பாக்க எப்பிடி இருந்ததாம் என்று கேட்டார்.

கிருபா, உன் பாஸ்போர்ட் ஆவணியில் முடிகிறது, மறவாதே. நீயும் எங்களுக்குப் பயந்து அங்கே ஏதாவது சொல்லாமல் வைத்திருந்தால் எழுது. நான் இரண்டு நாள் கதைக்க மாட்டேன், அம்மா ஒரு கிழமை அழுவார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கேட்போம்.

கர்த்தர் உன்னோடு இருந்து காப்பாராக.

உன் அப்பா
தேவநாயகம்