வீரனுக்குக் காயடித்தாயிற்று, அண்ணே

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணே,

உங்கள் நாய் வீரன் உயிரோடு இருக்கிறான். நீங்கள் கண்ணை மூடிய மறுமாதமே புதுக்கோட்டையிலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்து அவனுக்குக் காயடித்துவிட்டேன்.

கோபம் வருகிறதா? காளைக்குத் தவறாமல் காயடிக்கிற நம் கந்தர்வக்கோட்டையில், வேட்டை நாய்க்கு மட்டும் அது மானக்கேடு என்றீர்கள். பெட்டை வாடை வந்தால் முந்திரித் தோப்பெல்லாம் ஓடி, கடிபட்டுத் திரும்புவான். வயதானதும் வெளிக்குப் போக முடியாமல் முக்கி முனகினான். உள்ளே ஒரு சுரப்பி வீங்கிக் குடலை அழுத்துகிறது, காயடித்தால் அது வற்றும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். அதை நான் எடுத்துச் சொன்னதற்கு, கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்?

"பிள்ளையில்லாத பய. ஒன்னைய மாதிரியே அதையும் ஆக்கணுங்கிறியாடா?"

எல்லாரும் சிரித்தார்கள். "ஒரு நாய்க்காக அண்ணன் தம்பி அடிச்சுக்கிறீகளேப்பா, ரசத்தை இங்கிட்டு ஊத்துங்க" என்றார் மாமா.

அன்று நின்றது நம் பேச்சு. ஒரே வீட்டில், ஒரே கிணற்றில் இறைத்துக்கொண்டு, உங்களுக்கு வாய்க்கரிசி போடும்வரை நின்றது.

டாக்டர் சொன்னது பலித்தது. சில வாரங்களில் முனகல் போயிற்று. ஊர் சுற்றுவதில்லை, புதுக்காயம் இல்லை. விதையில் கட்டி வருமோ என்ற பயமும் இனி இல்லை. நாய் வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

ஆனால் ஒன்று. உலக யுத்தத்தால் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, விளக்கேற்றத் தாமதமாகிறது. அந்த மங்கலில், நீங்கள் வயலிலிருந்து திரும்பும் நேரத்துக்கு, வீரன் எழுந்து வாசல் படலுக்குப் போகிறான். யாருக்கோ இடப்பக்கமாக, முகத்தை அண்ணாந்தபடி, மெல்ல நடந்து வருகிறான். உங்கள் நாற்காலியடியில் படுத்துக்கொள்கிறான்.

என் மனைவி பயப்படவில்லை. "பெரியவுக வந்துட்டாக, எந்திரிச்சு நில்லுங்க" என்கிறாள். நான் எழுவதில்லை.

நேற்று அவன் நாற்காலிக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றான். அவன் பார்வை என் முகத்தில் இல்லை. என் தோளுக்குச் சற்று மேலே இருந்தது. வால் ஆடியது. வெகுநேரம் காத்திருந்தான். என் காதருகே மட்டும் குளிர்ந்தது.

என்ன சொல்ல வந்தீர்கள், அண்ணே? ஏன் சொல்லாமல் போனீர்கள்?

வீரனைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொள்வேன். படலைச் சாத்த மாட்டேன். நாளை வந்தால் எழுந்தும் நிற்கிறேன். ஆனால் முதல் வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

உங்களோடு இன்னும் பேசாத,
உடன்பிறந்த தம்பி.