உள்ளே கேட்ட சத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

பத்திரமாய் வீடு போய்ச் சேர்ந்தாயா? இருட்டறையில் படுக்க வைத்து, மார்பில் ஜில்லென்று பசையைத் தடவியதற்கு இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். "லேசர்னா சுட்டுடாதாடி?" என்று நீ கேட்டதைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஆய்வகமே சிரிக்கிறது. சுடாது அக்கா. கண் இமைப்பதற்குள் ஒரு சொடுக்கு வெளிச்சம், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற ரத்தம் துளி சூடாகி, உப்பி, சத்தம் போடும். தோல், கொழுப்பு, சதை என்று அடுக்கடுக்காய் வருகிற சத்தத்தைக் கேட்டு மிஷின் படம் வரையும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை.

எங்கள் சோதனைக்கு ஆளே கிடைக்காமல் தவித்த நேரத்தில் வந்தாய். மறக்க மாட்டேன்.

அப்புறம், நாற்பது தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுவது நல்லது. நீயும் போய்விட்டு வாயேன்.

உன் தங்கை

மார்ச் 15

அடி ஓட்டைவாய்,

டாக்டராம் டாக்டர்! பள்ளிச் சீருடைத் தையல் மலையாய்க் குவிந்து கிடக்கிறது. சாப்பிடவே நேரமில்லை.

உன்னிடம் சொல்வதற்கென்ன, பயந்துபோய்த்தான் இருந்தேன். குளிக்கும்போது கைக்கு என்னவோ தட்டுப்பட்டது. நீ கூப்பிட்டதும் ஓடிவந்தது அதனால்தான். வெட்கத்தை விட்டு, "ஏதாவது இருந்தா சொல்லிடுடி" என்று கேட்டேனே. நீ ஒன்றும் சொல்லவில்லை, நிம்மதியாகிவிட்டது. உன் வாயில் என்றைக்கு எது தங்கியிருக்கிறது? நான் பரீட்சையில் தோற்றதை அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்கே சொன்னவள் நீ. ஏதாவது இருந்திருந்தால் இந்நேரம் பால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆசையுடன்,
அக்கா

செப்டம்பர் 2

தங்கைக்கு,

இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன். புற்றுநோயாம். அக்குள் வரை பரவிவிட்டதாம். "ஆறு மாசம் முன்னாடியே வந்திருந்தா கதையே வேறம்மா" என்கிறார் டாக்டர்.

ஆறு மாதம் முன்னால் நான் உன் மிஷின் முன்னால்தான் படுத்திருந்தேன். அதற்குக் கேட்டதா, கேட்கவில்லையா? ஒரே வார்த்தையில் பதில் போடு.

அக்கா

செப்டம்பர் 8

அக்கா,

அழுதுகொண்டே எழுதுகிறேன். கேட்டது. வலது பக்கம் ரத்தக் குழாய்கள் கொத்தாய்த் திரண்டிருந்தன, கட்டி இருந்தால் திரள்வது போல.

ஆனால் அது இன்னும் சோதனையில் இருக்கிற மிஷின். வருகிறவர்களிடம் முடிவைச் சொல்வதில்லை என்பது விதி. நீயும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஒருத்தரிடம் சொன்னது தெரிந்தாலும் என் வேலை போகும், ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள். அதனால்தான் டாக்டரிடம் போ என்று ஜாடையாக எழுதினேன். நீ போகவில்லை. நான் என்ன செய்ய?

இதுவரை எடுத்ததிலேயே உன் படம்தான் தெளிவானது. அதை வைத்துத்தான் எங்கள் கட்டுரையே வெளிவந்தது. நாளைக்கு ஆயிரம் பேருக்கு இது உதவும் அக்கா. அதையாவது நினைத்துப் பார்.

உன் தங்கை

செப்டம்பர் 19

ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

ஜாடையா! ஊர் விஷயத்துக்கெல்லாம் தண்டோரா போட்டவளுக்கு என் உயிர் விஷயத்தில் மட்டும் ஜாடை வந்ததா? மிஷினுக்குக் கேட்டது. உனக்கும் கேட்டது. நான் கேட்டதுதான் உன் காதில் விழவில்லை. கையெழுத்தாம். படித்துப் பார்த்தா போட்டேன்? தங்கை நீட்டினாள், போட்டேன். அந்த ஆயிரம் பேரும் நன்றாக இருக்கட்டும். எனக்கு வயிறு எரிகிறது.

நாளை மறுநாள் அறுவைச் சிகிச்சை. பக்கத்து வீட்டம்மா கூட இருப்பார். நீ வர வேண்டாம்.

இன்று காலை டாக்டர், "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்களுக்கும் வர வாய்ப்பு இருக்கு. உடனே செக் பண்ணிக்கச் சொல்லுங்க" என்றார். நான் எந்த விதியையும் பார்க்கவில்லை. தெரிந்த அன்றைக்கே எழுதுகிறேன். உடனே போய்க் காட்டு.

இதற்கு மேல் உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

கூடப் பிறந்தவள்