பிரைசன் தேய்த்த பிசுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு கொரின் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பிறகும் குனிந்து சிப்பி தோண்டுகிறாய், இல்லையா? நான் நலம். மினசோட்டாவில் இன்னும் பனிதான்.

ஒரு சின்ன விஷயம், பதறாதே. மின்சாரம் தரும் என் பாக்டீரியா குளிர்காலம் முழுக்க ஒரு கார்பன் துணியில் கறுப்பாக, வழவழவென்று வளர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் துப்புரவு நாள். புதிதாகச் சேர்ந்த பிரைசன் அந்தத் துணியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் அலசிக் காயப்போட்டுவிட்டான்.

"எவ்ளோ பிசுக்கு, கொரின்! இப்போ பாரு, புதுசு மாதிரி இருக்கு!"

"அந்தப் பிசுக்குதான்டா என் ஆராய்ச்சி!" என்று கத்தினேன்.

பேராசிரியர் ஹால்வர்சன், "அதனாலென்ன, திரும்ப வளர்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். முனைவர் படிப்புக்கு இந்த முடிவுகளைக் காட்டித்தான் விண்ணப்பிக்க இருந்தேன். இனி அடுத்த வருஷம்தான். சாக்கடை நீரில் ஊருக்கே விளக்கேற்றுவேன் என்று பீற்றிக்கொண்டவள், ஒரு குட்டி பல்பைக்கூட எரிக்கவில்லை. எரிச்சலாக வருகிறது.

"இந்தச் சேத்துல நான் கிடக்கிறது போதாதா? நீயாவது படிச்சு வெளிய போ" என்றுதானே அனுப்பினாய்? கோபிக்காதே. என் பாக்டீரியா சேற்றிலிருந்துதான் கிடைக்கும்; இங்கே ஏரிச் சேறெல்லாம் உறைந்து கிடக்கிறது. நீ தோண்டும் இடத்துக் கறுஞ்சேறு ஒரு ஜாடி வேண்டும். காற்றுப் பட்டால் பாக்டீரியா செத்துவிடும், விளிம்புவரை நிரப்பு. தபாலில் அனுப்பினால் உடைத்துவிடுவார்கள். நீயே கொண்டுவந்தால் நல்லது.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். வந்தால் வாசலில் சேறு படிந்த பூட்ஸைக் கழற்ற வேண்டாம், அம்மா. அப்படியே உள்ளே வா.

கொரின்