ஒன்பது நகத்தோடு ஓர் அத்தை

7 ஜூலை 1957, ஞாயிறு
சம்பந்தி வீட்டிலிருந்து திரும்பும்போதே நாத்தனார் பூங்காவனம் ஆரம்பித்துவிட்டாள். என் மகன் கருணாகரனுக்கு நிச்சயித்த சந்திரமதிக்கு முகம் லட்சணம், பேச்சு அடக்கம், விரல் நுனிதான் மொட்டையாம். "மோதிரம் போட்டா எடுக்குமா அண்ணி?"
பிரசவ ஆஸ்பத்திரி நர்சுக்கு நகம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் அங்கே உட்கார்ந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

14 ஜூலை
டியூட்டி முடிந்து சந்திரமதி வந்தாள். கல்யாணம் வரைக்கும் நகத்தை வெட்டாமல் விட்டுவையேன் என்று தேனாகக் கேட்டேன். தேநீரைக் கீழே வைத்தாள்.
"பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுற கை அத்தை. நகத்துக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்கும்னு கழுவுறவங்களுக்குத்தான் தெரியும். நகமா வேலையான்னு கேட்டா, எனக்கு வேலைதான்."
மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் எழுந்து நின்றபோது என்னைவிட உயரமாகத் தெரிந்தாள். இந்தப் பெண் எப்போது வளர்ந்தது?

20 ஜூலை
மூளை என்றால் என் மூளை! ஜாலான் பெண்டஹாரா ரோட்டில் ஒரு ஃபேன்சி கடையில் ஒட்டு நகம் வந்திருக்கிறது, சிங்கப்பூர் சரக்கு, மாதுளைச் சிவப்பு. முகூர்த்தத்துக்கு ஒட்டி, பந்தி முடிந்ததும் எடுத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் மருமகள் சிங்கப்பூர் நகம் வைக்கப்போகிறாள் என்று கடையிலும் சொன்னேன், பஸ்ஸிலும் சொன்னேன். சந்திரமதியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

21 ஜூலை
பெண்ணிடம் கொடுக்குமுன் சோதிக்க வேண்டாமா? பத்து விரலிலும் ஒட்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதுக்கு மோசமில்லை. ஆனால் மாவு பிசைய முடியவில்லை, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.
"புலியாட்டம் எந்தக் கோயில்ல?" என்றார்.

22 ஜூலை
வரமாட்டேன் என்கிறது. வெந்நீர், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய். ம்ஹூம்.

23 ஜூலை
பார்த்து இன்றைக்கா பூங்காவனம் மகளுக்குப் பிரசவம்! ஆண் குழந்தை. போகாவிட்டால் ஆயுளுக்கும் பேச்சு. கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். சந்திரமதிதான் குழந்தையைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் சுற்றியிருந்த துணி அவிழ்ந்தது, நானே சுற்றிவிட்டேன்.
வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்பதுதான் இருக்கிறது. பத்தாவது எங்கே? பஸ்ஸிலா?

24 ஜூலை
பஸ்ஸில் இல்லை.
பூங்காவனம் மூச்சிரைக்க வந்து சொன்னாள்: குழந்தையின் துணிக்குள் சிவப்பு நகம், தொடையில் கீறல். அங்கே மேற்பார்வை பார்க்கும் சிஸ்டர், உஜோங் பாசிர் ஊர்க்காரி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. சந்திரமதியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். நகம் என்னுடையது இல்லை என்று இவள் சொன்னாளாம். யார் நம்புவார்கள்? அவள் சிங்கப்பூர் நகம் வைக்கப்போவது ஊருக்கே தெரியுமே. நாளை முடிவு சொல்கிறார்களாம். அநேகமாக வேலை போய்விடுமாம்.
"என் பேரனைக் கீறினவ இந்த வீட்டுக்கு மருமகளா வரணுமா அண்ணி?"
தலையணைக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்? சொன்னா ஊரே சிரிக்கும். சொல்லலைன்னா அந்தப் பொண்ணு கதி? நாளைக்கு முதல் பஸ்.

25 ஜூலை
சிஸ்டரின் மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தேன். என் அரைகுறை மலாய் மொழியில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் கையமர்த்திவிட்டாள். கிண்ணத்திலிருந்த நகத்தை எடுத்து என் மொட்டை விரலில் பொருத்திப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது. சிஸ்டர் சிரித்ததைப் பார்த்த முதல் ஆள் நான்தான்.
சந்திரமதியை வரவழைத்து, இவர் நகங்களை நீயே எடுத்துவிடு என்றாள். பஞ்சில் ஏதோ மருந்து நனைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அப்புறம் கேட்காமலே என் சொந்த நகத்தையும் ஒட்ட வெட்டினாள்.
நான் ஏதோ வேடிக்கை பேசப்போனேன்.
"தொடைங்கிறதால ஆறிடும் அத்தை," என்றாள் தலைநிமிராமல். "இன்னும் ஆறாத தொப்புள்ல பட்டிருந்தா?"
அடுத்த விரலை நானே நீட்டினேன்.
வரும் வழியில் பூங்காவனம் வீட்டில் இறங்கி நடந்ததைச் சொன்னேன். இனி கஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பரப்புவதை அவள் பார்த்துக்கொள்வாள்.

8 செப்டம்பர், ஞாயிறு
கல்யாணம் முடிந்தது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. பந்தலுக்குத் தோரணம் மிச்சம். படம் எடுக்கும் நேரம் பூங்காவனம் பெண்ணின் கையைப் பார்த்து வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.
"உன் பேரனைக் குளிப்பாட்டின கை. நல்லா தெரியிற மாதிரி நீட்டச் சொல்லு."
சொன்னாள்.

16 செப்டம்பர், திங்கள்
மருமகள் இன்று டியூட்டிக்குத் திரும்பினாள். வெள்ளை யூனிஃபார்முக்கு நானே கஞ்சி போட்டுத் தேய்த்துவைத்தேன். ஆசையில் கொஞ்சம் கூடிவிட்டது. பலகைபோல் தானாகவே நின்றது.
"உட்காரவே முடியலையே அத்தை," என்றாள் வாசலில்.
உட்காரவா போகிறாய் என்று கேட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.